கறுப்பு மூடி, மஞ்சள் மூடி

எனக்கு அழுக்கு ஆகாது. மெக்கானிக் கடை நடத்துகிறவள் இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். என் கடைத் தரையில் சோற்றைக் கொட்டி அள்ளிச் சாப்பிடலாம். ஸ்பேனர்கள் அளவு வாரியாகச் சுவரில் தொங்கும். ஒவ்வொரு ஆணிக்கு மேலும் நம்பர் எழுதியிருப்பேன். ஒன்று இடம் மாறித் தொங்கினாலும் அன்றைக்கு எனக்குத் தூக்கம் கிடையாது என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அப்பா விட்டுப்போன கடை இது. வண்டிக்கு அடியில் படுப்பவன் என் தம்பி. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து அவனையும் வாடிக்கையாளர்களையும் மேய்ப்பவள் நான். தம்பிக்கு நாற்பத்திரண்டு வயது, பாதித் தலை நரைத்துவிட்டது. அதிகம் பேச மாட்டான். அந்தக் குறையை நான் ஒருத்தியே தீர்த்துவைக்கிறேன்.

கடையின் பின்புறம் இரண்டு டிரம்கள் நிற்கும். இரண்டும் ஒரே நீல நிறம், ஒரே உயரம், மூடிதான் அடையாளம். இடது பக்கம் கறுப்பு மூடி: வண்டிகளிலிருந்து இறக்கிய பழைய என்ஜின் ஆயில். வலது பக்கம் மஞ்சள் மூடி: பிரேக், கியர் பாகங்களைக் கழுவிய மருந்துத் தண்ணீர். இந்த இரண்டும் ஜென்மத்துக்கும் ஒன்று சேரக் கூடாது. எண்ணெய் தேய்ந்து போகிற பொருள் இல்லை, அழுக்காகத்தான் ஆகும். ஆலைக்குக் கொண்டுபோய் தண்ணீரையும் கசடையும் பிரித்துக் காய்ச்சி வடித்தால் திரும்பப் புது எண்ணெய். ஆனால் கழுவின மருந்து அதில் கலந்துவிட்டால், குடம் பாலில் துளி விஷம்தான். வடிக்க முடியாது. அதற்கென்று இருக்கிற உலையில் போட்டு எரிக்க வேண்டியதுதான்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை எண்ணெய் எடுக்க லாரி வரும். அதன் டிரைவரை எல்லாக் கடைகளிலும் 'கொசு' என்றுதான் சொல்வார்கள். வருவார், குழாயை டிரம்முக்குள் விடுவார், உர்ரென்று உறிஞ்சுவார், போய்விடுவார். ஆள் என்னவோ ஆறடி, அதற்கேற்ற தொப்பை. பேரைப் பற்றி அவருக்கும் வருத்தமில்லை. நான் மட்டும் மரியாதையாக 'கொசு அண்ணே' என்பேன்.

அவர் சட்டைப் பையில் ஒரு செம்புக் கம்பியும் ஒரு லைட்டரும் எப்போதும் இருக்கும். குழாயை விடுவதற்கு முன்னால் கம்பியைக் காய்ச்சி, எண்ணெயில் தொட்டு, மறுபடி நெருப்பில் பிடிக்க வேண்டும் என்பது ஆலையின் சட்டம். நெருப்பு பச்சையாக எரிந்தால் எண்ணெயில் மருந்து கலந்திருக்கிறது, எடுக்கக் கூடாது. எல்லாக் கடையிலும் கொளுத்துவார், என் கடையில் மட்டும் கொளுத்த மாட்டார். ஒன்பது வருடத்துக்கு முன்னால், முதல் தடவை வந்தபோது பையிலிருந்து கம்பியை எடுத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். கம்பி பைக்குள் போய்விட்டது. அன்று முதல், 'உங்க கடைக்கு எதுக்கும்மா கம்பி' என்று சிரித்துவிட்டுப் போவார். இந்த மரியாதை வேறு எந்தக் கடைக்கு உண்டு என்று நான் பத்து பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் வந்தார். நான் மேஜையில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரோடு பேசிக்கொண்டிருந்தேன். மாஸ்டருடைய காருக்கு ஆயில் மாற்றி அப்போதுதான் இறக்கியிருந்தோம். பம்ப் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். தரையில் சொட்டினால் எனக்குப் பொறுக்காது, அதற்குத்தான். கொசு அண்ணன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு மணிக்கு லாரி போய்விட்டது.

மாஸ்டர் தன் மாணவர்களின் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். அவருக்கு நேரம் போவதே தெரியாது. இரண்டு மணி சுமாருக்கு அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பின்னால் துடைக்கப் போனேன். காலியான டிரம் இடது பக்கம் நின்றது. அதன்மேல் மஞ்சள் மூடி இருந்தது.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்தபடியே நின்றேன். பிறகு வலது பக்கத்து டிரம்மின் கறுப்பு மூடியைத் தூக்கினேன். அதை மருந்து எடுக்கும் லாரி போன வெள்ளிக்கிழமைதான் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. இப்போது அடியில் இரண்டு சாண் உயரத்துக்குக் கெட்டியான கறுப்பு எண்ணெய் கிடந்தது. மருந்து இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய். அப்படியென்றால் மருந்து எங்கே?

"டேய்!" என்று நான் போட்ட சத்தத்தில் மாஸ்டர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

தம்பி ஒரு வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்தான்.

"சனிக்கிழமையிலேருந்து பிரேக் கழுவின தண்ணிய எந்த டிரம்முல ஊத்தின?"

"மஞ்சள் மூடியில."

"ஆயில?"

"கறுப்பு மூடியில."

"எத்தனை வாளி கழுவின தண்ணி?"

விரலை விட்டு எண்ணினான். "நாலு."

மூடிகள் இடம் மாறியிருந்தன. தம்பி மூடியைப் பார்த்து ஊற்றுகிறவன். மூன்று நாளாக மருந்தை எண்ணெய் டிரம்மில் ஊற்றியிருக்கிறான். கொசு அண்ணன் இடத்தைப் பார்த்து எடுக்கிறவர். ஒன்பது வருடப் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு இடது டிரம்மில் குழாயை விட்டிருக்கிறார். ஒரு மாத எண்ணெயும் நாலு வாளி மருந்துமாக இப்போது லாரியின் தொட்டிக்குள், மற்றப் பத்துப் பதினைந்து கடைகளின் எண்ணெயோடு கலந்து ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அடுத்த ஐந்து நிமிடம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. கண் இருக்கிறதா, மூக்கு இருக்கிறதா, இல்லை அதையும் கழற்றிக் கழுவப் போட்டுவிட்டாயா என்று தொடங்கி அப்பா வரைக்கும் போனேன். தம்பி கையைத் துணியில் துடைத்தபடி நின்றான். ஒரே ஒரு தடவை, "அக்கா, சனிக்கிழமை நான்..." என்று ஆரம்பித்தான்.

"வாய மூடு. ஒண்ணும் சொல்ல வேணாம்."

மூடிக்கொண்டான்.

கோபத்துக்கு நடுவில் கொசு அண்ணன் ஞாபகம் வந்தது. கொசு அண்ணனுக்கு ஆலையில் ஏற்கெனவே ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது. போன வருடம் எவனோ ஒரு புண்ணியவான் டிரம்மின் அடியில் கழுவின மருந்தை ஒளித்துவைக்க, மேலாகத் தொட்ட கம்பியில் தெரியாமல் போய், ஆலையில் மாட்டிக்கொண்டார். அன்றைக்கு என் கடையில் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "எடை மேடையில ஏர்றதுக்கு முன்னாடி நாமளா சொல்லிட்டா புள்ளி இல்லம்மா. ஏறிட்டா போச்சு. இன்னொரு புள்ளி விழுந்தா கேட்ட சாத்திடுவாங்க" என்றார். லாரி அவருடைய சொந்த லாரி. அதன் முதுகில் எண்ணெய்த் தொட்டியைப் பற்றவைத்திருக்கிறது. அந்த கேட் சாத்தினால் அந்த லாரிக்கும் வேலை இல்லை, அவருக்கும் வேலை இல்லை. ஐம்பத்தாறு வயதில் இனி எங்கே போய்க் கொசுவாக முடியும்?

போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. லாரி ஓட்டும்போது போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்; அதுவும் ஆலையின் சட்டம். நல்ல மனுஷன், எல்லாச் சட்டத்தையும் மதிக்கிறவர், ஒன்றைத் தவிர.

"அக்கா, அவ்வளவு எண்ணெயில நாலு வாளிதான. தெரியாமக்கூட போகலாம்" என்றான் தம்பி மெதுவாக.

அந்த நினைப்பு எனக்கும் வராமல் இல்லை. அரை நிமிடம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு அவர் அன்று என் நாற்காலியில் உட்கார்ந்திருந்த விதம் ஞாபகம் வந்தது. மணி இரண்டேகால். ஆலையில் நாலு மணி வரைக்கும்தான் இறக்குவார்கள். அதற்கு முன்னால் கொசு அண்ணன் கடைசியாக எண்ணெய் எடுக்கிற இடம் பஸ் டிப்போ.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு. மெக்கானிக் கடையிலும் ஓடுகிற வண்டி கிடையாது. வேனுக்கு கியர்பாக்ஸ் தரையில் கிடந்தது. இன்னொரு காருக்குச் சக்கரமே இல்லை. என் ஸ்கூட்டரைத் தம்பி ஒரு வாரமாகப் பிரித்துப் போட்டிருந்தான். மிச்சம் இருந்தது மாஸ்டரும், முன்னாலும் பின்னாலும் 'எல்' போர்டு போட்ட அவருடைய காரும்தான்.

"மாஸ்டர், அவசரம். என்னைக் கொஞ்சம் பஸ் டிப்போ வரைக்கும் கொண்டுபோய் விடுங்க."

"போலாமே. நீங்க ஓட்டுங்க மேடம்" என்றார்.

"நீங்க ஓட்டுங்க மாஸ்டர், நான் பதட்டத்துல இருக்கேன்."

"பத்தொன்பது வருஷமா நான் பக்கத்து சீட்லதான் உக்காந்திருக்கேன். ஸ்டியரிங் பக்கம் உக்காந்தா எனக்குக் கை நடுங்கும்."

ஆக, நான் ஓட்டினேன். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. என் வாழ்க்கையில் நான் அனுபவித்த தண்டனைகளில் அதற்குத்தான் முதலிடம். நான் ஆக்ஸிலேட்டரை மிதிப்பேன், அவர் பிரேக்கை மிதிப்பார். மஞ்சள் விளக்கைக் கண்டால் மிதிப்பார். ரோட்டோரம் ஒரு நாய் நின்றால், அது என்ன முடிவெடுக்கிறது என்று தெரிகிற வரைக்கும் மிதிப்பார்.

"மாஸ்டர், உங்க காலைக் கொஞ்சம் மடக்கி வச்சுக்கங்க, புண்ணியமாப் போகும்."

"கண்ணாடியப் பாத்தீங்களா மேடம்? இன்டிகேட்டர் போடாமத் திரும்பிட்டீங்க."

"ஒரு மனுஷன் பொழப்பு போகப்போகுது மாஸ்டர்!"

"அவசரமாப் போனா ரெண்டு மனுஷன் போவோம்" என்றார். பதில் சொல்ல முடியாத மாதிரி பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

டிப்போ வாசலில் காவலாளி பெஞ்சில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார். கொசு வந்தாரா என்று கேட்டேன். "வந்தாரு, ரெண்டு டிரம் எடுத்தாரு, இப்பத்தான் கிளம்பினாரு. கால் மணி ஆகியிருக்கும். நேரா ஆலைக்குத்தான்னாரு" என்றார். மணி இரண்டு ஐம்பது. டிப்போவின் எண்ணெயும் அதில் சேர்ந்துவிட்டது. காரைத் திருப்புவதற்கு மாஸ்டர் மூன்று கட்டமாக எனக்குப் பாடம் நடத்தினார். நான் ஒரே கட்டமாகத் திருப்பினேன், அவர் ஐந்து தடவை பிரேக் போட்டார்.

ஆலைக்குப் போகும் ரோட்டில், ரயில்வே கேட்டில் சிவப்பு விழுந்து நின்றோம். ஒரு சரக்கு ரயில் ஆடி அசைந்து போனது. பெட்டிகளை எண்ணத் தொடங்கி, பதினெட்டில் விட்டுவிட்டேன். ஸ்டியரிங்கில் என் விரல்கள் தானாகத் தாளம் போட்டன. மனசு மட்டும் மூடிகளையே சுற்றிச் சுற்றி வந்தது. யார் மாற்றியிருப்பார்கள்? மூடிகள் தாங்களாக எழுந்து நடக்காது. தம்பி ஊற்றும்போது கொஞ்சமாகத் திறந்துவிட்டு மூடுகிறவன், கழற்றவே மாட்டான். கழற்ற வேண்டிய அவசியம் யாருக்கு?

நான்தான் கழற்றினேன். சனிக்கிழமை காலையில் இரண்டையும் கழற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்தேன். செவ்வாய்க்கிழமை கொசு அண்ணன் வருகிறாரே, மூடி பளிச்சென்று இருக்க வேண்டாமா? காய்ந்ததும் எடுத்துப் போட்டேன். போன் வந்துகொண்டிருந்தது, காதில் வைத்துக்கொண்டே போட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ரயிலின் கடைசிப் பெட்டி போகும்போது மிச்சமும் ஞாபகம் வந்தது. அன்று மத்தியானம் தம்பி வாளியோடு மேஜைப் பக்கம் வந்து நின்றான். "அக்கா, மூடி ரெண்டும் மாறிப்போச்சோன்னு தோணுது." நான் உதிரி பாகக் கடைக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். தலையைக்கூடத் தூக்கவில்லை. "கறுப்பு மூடின்னா ஆயில், மஞ்சள் மூடின்னா கழுவினது. இதைக்கூட நான் வந்து கையைப் பிடிச்சுக் காட்டணுமா? மூடியப் பாத்து ஊத்து, போ" என்றேன்.

அவன் மூடியைப் பார்த்து ஊற்றியிருக்கிறான்.

முகம் சுட்டது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். கேட் திறந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"முதல் கியர், மேடம்" என்றார் மாஸ்டர், இந்தத் தடவை மெதுவாக.

அதற்குப் பிறகு நான் ஓட்டிய ஓட்டத்துக்கு அவர் ஒரு தடவைகூடப் பிரேக் போடவில்லை. பயத்தில் கால் மரத்துவிட்டதா, என் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

மூன்றரைக்கு ஆலை வாசல் தெரிந்தது. லாரிகள் வரிசையில் நின்றன. முன்னால் ஒன்று எடை மேடையில் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்து கொசு அண்ணனின் லாரி, என்ஜின் உறுமிக்கொண்டு நின்றது. காரை அப்படியே ரோட்டில் விட்டுவிட்டு ஓடினேன். மேடையிலிருந்த லாரி இறங்கியது. பச்சைக் கொடி காட்டினார்கள். கொசு அண்ணன் கிளட்ச்சை விடுவதற்கும், நான் போய் அவர் லாரிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

லாரி குலுங்கி நின்றது. ஜன்னல் வழியாகத் தலை வந்தது.

"என்னம்மா இது? சாகத் துணிஞ்சீங்களா?"

"மேடையில ஏறாதீங்கண்ணே. என் டிரம்முல மருந்து கலந்திருக்கு."

இறங்கி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: மூடி, சோப்பு, நாலு வாளி. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் லாரியின் பின்னால் போய் ஒரு குழாயைத் திறந்து கொஞ்சம் எண்ணெய் பிடித்தார். பையிலிருந்து கம்பியை எடுத்துக் காய்ச்சி, தொட்டு, நெருப்பில் வைத்தார்.

பச்சை. கொஞ்சமும் சந்தேகத்துக்கு இடமில்லாத பச்சை.

"நீங்களா?" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். எனக்கு அழுகை வந்தது, அழுதுவிட்டேன்.

சோதனைக்கூடத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒரு சின்ன வயசுப் பெண் அட்டையும் பேனாவுமாக வந்தாள். அவளும் ஒரு கம்பியைக் கொளுத்திப் பார்த்தாள். தொட்டியில் இருப்பது மொத்தமும் உலைக்குத்தான் போகும் என்றாள். என்னோடு சேர்த்துப் பதினோரு கடைகளின் எண்ணெய். தனி டிரம், தனி மூடி என்று பொறுப்பாகச் சேர்த்துவைத்த பத்துக் கடைக்காரர்கள். எல்லாம் திரும்ப எண்ணெயாக வேண்டியது, இனிப் புகையாகப் போகிறது. அவர்களில் எத்தனை பேரை நான் 'அழுக்குப் பயலுக' என்று சொல்லியிருக்கிறேன்!

"மேடைக்கு முன்னாடியே சொன்னதால டிரைவருக்கு அதுக்குப் புள்ளி இல்ல" என்றாள். எனக்குப் பாதி உயிர் வந்தது. "இதுல காரணம் எழுதணும். எல்லாரும் 'ஊழியரின் கவனக்குறைவு'ன்னு எழுதுவாங்க. நானே எழுதிடட்டுமா?"

"குடும்மா இப்படி" என்று பேனாவை வாங்கினேன். 'மூடிகளை மாற்றிப் போட்டது கடை உரிமையாளர். ஊழியர் கேட்டார். உரிமையாளர் காதில் வாங்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் படித்துவிட்டு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அடுத்த கேள்விக்குப் போனாள்.

"கடையில கம்பி சோதனை பண்ணீங்களா?"

கேள்வி கொசு அண்ணனுக்கு. அவர் தரையைப் பார்த்தார். பண்ணவில்லை என்றால் அதற்குத் தனியாக ஒரு புள்ளி. எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். வாழ்நாளில் நான் சொன்ன பொய்களிலேயே வேகமான பொய் அது.

"அவரு கம்பியை எடுத்தாரும்மா. நான்தான் கொளுத்த விடல."

"விடலைன்னா?"

"என் கடையையா சந்தேகப்படுறன்னு சத்தம் போட்டேன். பாவம், பயந்துட்டாரு."

அவள் கொசு அண்ணனைப் பார்த்தாள். அவர் மெதுவாகத் தலையாட்டினார். 'சோதனைக்குக் கடைக்காரர் மறுப்பு' என்று எழுதினாள். அந்தச் சிவப்புப் புள்ளி என் கடைப் பேருக்கு விழுந்தது. விழட்டும். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நினைப்பில் எனக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது.

உலைப் பக்கம் போகும் வாசலில் லாரியை நிறுத்திவிட்டு கொசு அண்ணன் இறங்கினார். பக்கத்தில் வந்து நின்றேன்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. ஏதோ என்னால முடிஞ்ச ஒரு பொய்யச் சொன்னேன்."

"பொய்யா?" என்றார்.

"பின்ன?"

அவர் கம்பியைத் துணியில் துடைத்தார். என்னைப் பார்க்காமல்தான் பேசினார். "கோவிச்சுக்காதீங்கம்மா. மொத தடவை வந்தப்ப நீங்க பாத்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. கம்பி கையில சுட்ட மாதிரி உள்ள வச்சுட்டேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு மாசமும் எடுக்கலாமா வேணாமான்னு நினைப்பேன். இன்னிக்குக்கூட வாசனை ஒரு மாதிரி இருந்துச்சு. பையில கையை விட்டேன். நீங்க ஜன்னல் வழியா பாத்தீங்க."

"அது, எண்ணெய் தரையில சொட்டுதான்னு பாத்தேன்!"

"எனக்கு அது எப்படித் தெரியும்?" என்றார்.

நான் சொன்ன பொய்யை வரிக்கு வரி நினைத்துப் பார்த்தேன். கம்பியை எடுத்தார். நான் கொளுத்த விடவில்லை. பாவம், பயந்துவிட்டார். சத்தம் போட்டது ஒன்றைத் தவிர ஒரு எழுத்து பொய்யில்லை. ஒன்பது வருடமாக மரியாதை என்று நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது இதைத்தான். வெட்கத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அந்த லாரியின் டயரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அடுத்த மாசம் வர்றப்ப கொளுத்துங்கண்ணே" என்றேன் கடைசியில்.

"நீங்க உள்ள இருந்தா நல்லது" என்றார். சிரித்தமாதிரி இருந்தது. சிரித்தார் என்றே வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது மாஸ்டர் காலை மடக்கி வைத்துக்கொண்டார். நான் கண்ணாடி பார்த்தேன், இன்டிகேட்டர் போட்டேன், மஞ்சளுக்கே நின்றேன். கடை வாசலில் இறங்கும்போது, "இப்ப நல்லா ஓட்டுறீங்க மேடம்" என்றார்.

தம்பி பின்புறத்தில் இருந்தான். இரண்டு மூடிகளையும் சரியான டிரம்மில் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு சின்னச் சங்கிலியால் அதனதன் டிரம்மோடு பூட்டிக்கொண்டிருந்தான். இனி யார் கழற்றிக் கழுவினாலும் மூடி வேறு டிரம்முக்குப் போகாது. வெயில் சாய்ந்திருந்தது, அவன் நெற்றியில் கிரீஸ் வழிந்தது.

"கொசு அண்ணனுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான் முதலில்.

"ஆகல. புள்ளி நமக்குத்தான்."

தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வாயில் மன்னிப்பு என்ற வார்த்தை சுலபத்தில் வராது. தம்பியிடம் வந்ததே இல்லை.

"சனிக்கிழமை நீ சொன்ன. எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு" என்றேன்.

"ம்."

"இன்னிக்கு நான் அவ்வளவு பேசினேனே, அப்பவாவது கத்திச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன். வாய மூடுன்ன."

"தப்புதான்டா. மன்னிச்சுடு."

அவன் கை நின்றது. நான் ஏதோ அந்நிய பாஷை பேசிவிட்ட மாதிரி பார்த்தான்.

"இனிமே நான் தப்பு பண்ணினா சொல்லு. கேக்கலைன்னா மறுபடி சொல்லு. சத்தமாவே சொல்லு" என்றேன். கொஞ்சம் அதட்டலாகத்தான் வந்தது. ஒரே நாளில் எல்லாம் மாறிவிடுமா?

தம்பி சங்கிலியின் கடைசிக் கொக்கியை மாட்டினான். எழுந்து கையைத் துடைத்தான். மேஜை வரைக்கும் போனவன் ஏதோ யோசித்துத் திரும்பினான்.

"அப்படின்னா ஒண்ணு சொல்லவா?"

"சொல்லு."

"சுவத்துல பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனரும் பதிமூணாம் நம்பரும் ஆணி மாறித் தொங்குது."

எழுந்துபோய்ப் பார்த்தேன். பன்னிரண்டு என்று நான் எழுதிய எண்ணுக்குக் கீழே பதிமூன்று தொங்கியது. பதிமூன்றுக்குக் கீழே பன்னிரண்டு, பளபளவென்று துடைத்து, என் கையால் மாட்டியபடியே.

"எப்பத்திலேருந்து?" என்றேன்.

தம்பி ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

"ரெண்டு வருஷமா" என்றான்.